மூன்றரை மாத நெல்

விதைத்து அறுபதாம் நாள் காலை விமலேஸ்வரி வரம்பில் நின்று தன் வயலைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வயல்களைப் பார்த்தாள். பிறகு யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தாள். மற்ற வயல்களில் எல்லாம் பயிர் வயிறு தள்ளி நின்றது, சில இடங்களில் கதிர் வெளியே எட்டிப் பார்க்கவும் தொடங்கிவிட்டது. அவளுடைய மூன்று ஏக்கர் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை போல, பச்சைப் பசேலென்று, காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றது.

மேல்வயல்காரன் வீரகத்தி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பால் வந்தான்.

"என்ன விமலக்கா, உங்கட பயிர் இன்னும் குடலை கட்டேல்லைப் போல?"

"யூரியா கொஞ்சம் கூடிப்போச்சு. அதுதான் பச்சை விட்டுக்கொண்டு நிக்குது."

"ஓம், அப்பிடியும் வரும்" என்றுவிட்டு அவன் போனான். அவன் நம்பினானா இல்லையா என்று அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீரகத்தியின் முகத்தில் என்றைக்குத்தான் என்ன தெரிந்தது? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இருந்தது ஆறு மூட்டை விதைநெல்லின் கனம்.

விஷயம் இதுதான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் சிறுபோகம் செய்கிற அந்த வாய்க்காலில் பதினெட்டுக் குடும்பங்கள். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில் எல்லோரும் ஒரே கிழமைக்குள் விதைக்க வேண்டும். எல்லோரும் மூன்று மாத நெல்லே போட வேண்டும். அப்படியென்றால்தான் எல்லாப் பயிருக்கும் ஒரே நாளில் தண்ணீர் போதும் என்றாகும், குளத்தையும் ஒரே நாளில் பூட்டலாம். விமலேஸ்வரி போட்டிருந்தது மூன்றரை மாத நெல். குளம் பூட்டுகிற எண்பதாம் நாளில் ஊர்ப் பயிர் எல்லாம் பால் முற்றித் தலை சாய்க்கும். அவளுடையது அப்போதுதான் பூத்து நிற்கும். பூத்து நிற்கிற நெல்லுக்குத் தண்ணீர் இல்லையென்றால் கதிர் இருக்கும், உள்ளே அரிசி இருக்காது.

தெரியாமல் செய்தாள் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். தெரிந்தேதான் செய்தாள்! அதுவும் யார்? அந்த வாய்க்காலின் பிரதிநிதி. மதகுப் பூட்டின் திறப்பு பதினொரு வருடமாகத் தொங்குவது அவள் வீட்டுச் சாமிப்படத்துக்குக் கீழே அடித்த ஆணியில்.

அந்தத் திறப்பு அவளிடம் சும்மா வரவில்லை. சண்டை முடிந்து முகாமில் கிடந்த காலத்தில் தண்ணீர் பவுசர் வண்டி வந்தால் அங்கே நடப்பது தண்ணீர் எடுப்பது அல்ல, மல்யுத்தம். ஒரு நாள் ஒரு கிழவி விழுந்து மிதிபட்டதைப் பார்த்துவிட்டு, விமலேஸ்வரி அடுத்த நாள் விடியவே போய்த் தன் வெறுந் தண்ணீர்க் கானை நிலத்தில் வைத்தாள். பக்கத்துக் கூடாரத்துக்காரியின் கானை வாங்கி அதற்குப் பின்னால் வைத்தாள். "கான் நிண்டால் ஆள் நிண்ட மாதிரி" என்றாள். மூன்றாம் நாள் நூறு கான் வரிசையில் நின்றது. இன்னாரென்று தெரியாத ஒருவரின் கானை ஒருவன் காலால் தள்ளியபோது, இன்னாரென்று தெரியாத இருபது பேர் அவனை ஏசினார்கள். யாரும் எழுதிப் போட்ட சட்டமல்ல. ஆனால் அதற்குப் பிறகு அந்த வரிசையை ஒருவரும் குழப்பவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்தபோது வாய்க்கால் முழுக்கப் பற்றையும் சேறும். இவள்தான் ஒரு தடியை வெட்டி அளந்து, வீட்டுக்கு இத்தனை தடி நீளம் என்று பிரித்துக் கொடுத்தாள். தன் பங்கைத் துப்புரவாக்காதவனுக்குத் தண்ணீர் இல்லை என்றாள். புருசனும் அப்போது உயிரோடு இருந்தார், அவரையும் விடவில்லை. அவர் ஒரு நாள் முதுகு நோ என்று படுத்ததற்கு, ஊர் பார்க்க அவர் பங்கையும் தானே வெட்டினாள். பிறகென்ன, விமலக்கா சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது.

இன்னொன்றும் அவள் கொண்டுவந்த வழக்கம். சிறுபோகக் கூட்டம் பிள்ளையார் கோயில் முன்றலில் நடக்கும். அங்கே ஒவ்வொருவரும் எழும்பி, என்ன நெல் போடப்போகிறேன் என்று எல்லோர் காதிலும் விழ வாயால் சொல்ல வேண்டும். கையெழுத்தை விட அது பெரிது என்பாள். இந்த வருடமும் பெயர்களை அவளே வாசித்தாள். பதினெட்டாவதாகத் தன் பெயரையும் வாசித்து, "விமலேஸ்வரி, மூண்டு மாசம்" என்று சொன்னாள். சொல்லும்போதே வீட்டு அறைக்குள் அடுக்கியிருந்த ஆறு மூட்டையும் கண்முன் வந்தது.

ஏன் செய்தாள்? முந்திய மாரியில், காலபோகத்து வெள்ளத்தில் மூன்று ஏக்கரும் அழுகிப்போனது. வருடம் முழுக்கச் சாப்பிட வீட்டில் நெல் இல்லை. கையில் மிஞ்சியது அந்த மூன்றரை மாத விதை மட்டும், அது விளைச்சலும் கூடத் தரும். விதைக்கு இன்னொருவர் வாசலில் போய் நிற்க அவளுக்கு மனமில்லை. எல்லோரும் வந்து நிற்கிற வாசல் அல்லவா அவளுடையது! அதோடு, எந்த வருடமும் சொன்ன நாளில் குளம் பூட்டியதில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள் நீட்டுவார்கள். அந்தப் பத்து நாளை நம்பி அவள் பொய் சொன்னாள்.

அந்த வருடம் பார்த்து நீட்டவில்லை.

அறுபத்தெட்டாம் நாள் கமக்காரர் அமைப்பின் தலைவர் ராஜரத்தினம் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "பிள்ளை, குளத்தில தண்ணி அடியில கிடக்கு. வாற மற்றக் கிழமை வெள்ளிக்கிழமை காலமை பூட்டுறாங்கள். ஒரு நாளும் கூட்டித் தரமாட்டாங்களாம். நீதான் எல்லாருக்கும் சொல்லிவிட வேணும்."

"ஓம் அண்ணை" என்றாள். தேத்தண்ணி கொடுத்தாள்.

பிறகு ராஜரத்தினம் வீடு தவிர மற்றப் பதினாறு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னாள். ஒவ்வொரு வாசல் படலையிலும் அதே வசனம். பேச்சியம்மா வீட்டில் மட்டும் கொஞ்ச நேரம் மறித்துவிட்டார்கள். பேச்சியம்மாவுக்கு வாய் நீளம், மனம் வெள்ளை. "நல்ல காலம், எல்லாரும் ஒண்டாய் விதைச்சது. நீ இல்லையெண்டால் இந்தச் சனம் கேக்குமே?" என்றாள். விமலேஸ்வரிக்கு அந்தப் புகழ்ச்சி செருப்படி போல விழுந்தது.

வீரகத்தி வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். அங்கே போகத்தான் கால் வரவில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு.

இரண்டு வருடத்துக்கு முந்திய சிறுபோகத்தில் வீரகத்தியின் மகளுக்கு டெங்கு. பன்னிரண்டு நாள் அவனும் பெண்சாதி அருந்ததியும் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார்கள். பிள்ளை பிழைத்து வந்த பிறகுதான் அவன் விதைத்தான். பூட்டுகிற நாள் வந்தபோது அவன் பயிரும் பூவில் நின்றது. அவன் கெஞ்சவில்லை. "நாலு நாள் தண்ணி கிடைக்குமே அக்கா?" என்று ஒரே ஒருமுறை கேட்டான். அவள் யோசிக்காமல் இல்லை. வாய்க்காலில் மிஞ்சும் தண்ணீர் கடைசியில் இருக்கிற மாட்டுக்குளத்துக்குப் போக வேண்டும். ஒருவனுக்கு விட்டால் நாளைக்கு நாலு பேர் வருவார்கள். "எல்லாருக்கும் ஒரே நாள்தான் தம்பி" என்று மதகைப் பூட்டினாள். அவனுடைய வயல் சோழகக் காற்றில் காய்ந்து பதராகிப் போனது. ஊர் அவளைக் குறை சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் அவன் வயல் பக்கம் போகாமல் சுற்று வழியால் தன் வயலுக்குப் போய் வந்தாள்.

இப்போது அவன் படலையில் நின்று, "வெள்ளிக்கிழமை பூட்டுறாங்கள்" என்றாள்.

"நல்லது அக்கா. எங்கட பயிருக்கு அந்தத் தண்ணி காணும்" என்றான் வீரகத்தி. கொஞ்சம் நின்று, "உங்களுக்குக் காணுமே?" என்று கேட்டான்.

"காணும் காணும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தாள். அவன் தெரிந்துதான் கேட்கிறானா? தெரிந்தால் ஏன் ஊருக்குச் சொல்லாமல் இருக்கிறான்? பூட்டுகிற நாளில் எல்லோர் முன்னாலும் கேட்பதற்கு வைத்திருக்கிறானோ? வீடு வந்து சேரும்வரை இதையே மென்றாள்.

மகள் கஜனி வவுனியாவில் வேலை செய்கிறவள், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போய்விட்டு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"அம்மா, நீங்கள் எந்த நெல்லைப் போட்டனீங்கள்?"

விமலேஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது.

"உனக்கென்னத்துக்கு அது?"

"எனக்கே தெரியுது எண்டால் ஊருக்குத் தெரியாதே? முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறீங்கள்."

"பூட்டினாப் பிறகும் வாய்க்காலில ரெண்டு நாள் தண்ணி நிக்கும். மதகு என்ர கையிலதானே. ஒரு சாண் திறந்து விட்டால் ஆர் பாக்கப்போகினம்?"

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். இத்தனை நாளும் அடி மனதில் கிடந்தது இப்படி வாயால் வரும் என்று அவள் நினைக்கவில்லை. கஜனி தாயை உற்றுப் பார்த்தாள். வேறு யாராவது அப்படிப் பார்த்திருந்தால் சண்டை பிடித்திருப்பாள். பெற்ற பிள்ளையோடு என்ன சண்டை பிடிப்பது?

"மாட்டுக்குளம்?" என்று மட்டும் கேட்டாள் கஜனி.

விமலேஸ்வரி சுளகைத் திரும்பவும் அசைக்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மதகு பூட்டும் நாளில் வாய்க்காலுக்கு ஒரு சிறு பூசை உண்டு, ஒரு தேங்காய், நாலு பூ, கற்பூரம். பதினெட்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் கட்டாயம் வந்து நிற்பார்கள், பூட்டுவதைக் கண்ணால் பார்ப்பதற்கு. அதுவும் விமலேஸ்வரி வைத்த வழக்கம்தான். தான் வைத்த வழக்கமெல்லாம் தன்னைச் சுற்றி வேலியாக நிற்பதை அன்றைக்குத்தான் கண்டாள். ஒரு சாண் விட்டுப் பூட்டினாலும் மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கல்.

குனிந்து மதகுப் பலகையைப் பிடித்தாள். இவ்வளவு பேரும் ஏன் வந்து நிற்கிறார்கள்? இவள் பூட்டுவாள் என்று நம்பித்தான். இல்லை, அதுவும் சரியில்லை. இவள் பூட்டாவிட்டால் கேட்க வேண்டும் என்றுதானே வழக்கம் வைத்தது. ஆனால் இந்தப் பதினொரு வருடத்தில் ஒருவராவது குனிந்து பார்த்ததில்லை. இன்றைக்கும் பேச்சியம்மா மறுபக்கம் திரும்பிக் கற்பூரத்துக்குக் காற்றுப் படாமல் கை கொடுத்துக்கொண்டு நின்றாள்.

விமலேஸ்வரி பலகையை அடிவரை இறக்கினாள். பூட்டைக் கொழுவினாள். எழும்பித் திறப்பை ராஜரத்தினத்தின் கையில் வைத்தாள்.

"இனி இதை வேற ஆரிட்டையும் குடுங்கோ அண்ணை. நான் போட்டது மூண்டரை மாச நெல்லு. கூட்டத்தில நான் சொன்னது பொய்."

பேச்சியம்மா இந்தப் பக்கம் திரும்பி வெடித்தாள்.

"எடியே, வேலியே பயிரை மேஞ்சால் நாங்கள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? எங்கள் எல்லாரையும் வாயால சொல்லவைச்சவள் நீயல்லே! என்ர வீட்டில ரெண்டு மூட்டை மூண்டு மாச விதை கூடுதலாக் கிடந்தது. கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டனே? ஏன் கேக்கேல்லை? அந்தளவுக்கு நாங்கள் உனக்குக் கீழயோ?"

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. விமலேஸ்வரி தலை குனிந்து நின்றாள்.

ராஜரத்தினம் தொண்டையைச் செருமினார். "மதகு இனித் திறக்கேலாது, பிள்ளை. அது உனக்கும் தெரியும்."

"தெரியும் அண்ணை. நான் அதைக் கேக்கேல்லை."

எல்லோரும் கலைந்து போனார்கள். வீரகத்தியும் அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றான், அவள் பயந்தபடி ஒன்றும் கேட்கவில்லை. போகும்போதும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் அவள் வயலுக்குப் போகவில்லை. சோழகம் பேயாய் வீசியது. கூரைத் தகரம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தன் வயல் ஒரு வரம்பு காய்ந்ததாக நினைத்தாள். பூத்த நெல்லை எண்ணினாள், வருடத்தின் மாதங்களை எண்ணினாள். கஜனி திங்கட்கிழமை வேலைக்கும் லீவு சொல்லிவிட்டு வீட்டில் நின்றாள். தாயோடு கோபம்தான், ஆனாலும் தனியே விட்டுப் போக அவளுக்குப் பயம்.

மூன்றாம் நாள் காலை, காய்ந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவோம் என்று விமலேஸ்வரி எழும்பிப் போனாள். சுற்று வழியால் போக அன்றைக்குத் தெம்பில்லை. வீரகத்தியின் வயல் வரம்பாலேயே போனாள்.

தன் வயலின் மேல் மூலையில் தண்ணீர் மினுங்கியது. முதலில் கண் பொய் சொல்கிறது என்று நினைத்தாள். கிட்டப் போனால், வீரகத்தி இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடு வரம்பை வெட்டிவிட்டு நிற்கிறான். அவன் வயல் தண்ணீர் சலசலவென்று அவள் வயலுக்குள் இறங்குகிறது.

அந்த வரிசை பள்ளக் காணி, களிமண். அறுவடைக்கு முன் நிற்கிற தண்ணீரை வடிக்காவிட்டால் வெட்டுமிசின் புதையும். வடிக்கிற தண்ணீரைக் கழிவு வாய்க்காலுக்குள் வெட்டிவிடுவதுதான் வழக்கம். அது பக்கத்தில் இருக்கிறது, மண்வெட்டியால் நாலு கொத்துப் போதும். அவள் பக்கம் விடுவதென்றால் வயலின் முழு அகலத்துக்கும் மண்ணை வெட்டி நீர்க்கால் இழுக்க வேண்டும். அவன் இழுத்திருந்தான். விடியமுன்னம் தொடங்கியிருக்க வேண்டும், முதுகு முழுக்கச் சேறு.

"என்ன செய்யிறாய் வீரகத்தி?"

"வடிக்கிறன் அக்கா. வடிக்கத்தானே வேணும். எந்தப் பக்கம் விட்டால் என்ன?" என்றான் நிமிராமல். "நாளையிண்டைக்கு ராஜரத்தினம் அண்ணை என்ர வயலுக்குள்ளால விடுறாராம். பிறகு பேச்சியம்மா. அவா பேசிக்கொண்டுதான் விடுவா, நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கோ. ஒவ்வொராளாய் நாள் பிந்தி விட்டால் இழுத்துப் பறிச்சுக் காணும்."

நாள் பிந்தி வடித்தால் அவர்களுடைய நெல் பிந்தும், மிசின் பிந்தும், இடையில் ஒரு மழை வந்தால் எல்லாம் படுத்துவிடும். இது அவளுக்குத் தெரியாததல்ல. இந்தக் கணக்கையெல்லாம் பதினொரு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழை வரவில்லை. விமலேஸ்வரியின் வயலில் கரைப்பக்கத்து அரை ஏக்கர் பதராகிப் போனது, மிச்சம் விளைந்தது. வீட்டுக்குச் சாப்பாட்டு நெல் வந்தது. திறப்பு அவளிடம் திரும்பி வரவில்லை, வரவும் கூடாது. பேச்சியம்மா இரண்டு மாதம் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, தண்ணீர் விட்டதற்கும் கதைக்காததற்கும் சம்பந்தமில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஆனால் அன்றைக்குக் காலை இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அதைவிட வெட்கம் வந்தது.

"உன்ர பயிர் பூவில நிக்கேக்க நான் மதகைப் பூட்டினனான், வீரகத்தி."

"ஓம்."

"நாலு நாள் கேட்டனீ. நான் தரேல்லை."

வீரகத்தி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை, சிரிப்பும் இல்லை.

"அது பூட்டத்தான் வேணும் அக்கா. மாட்டுக்குளத்துத் தண்ணியை எனக்குத் தரச்சொல்லி நான் எந்த வாயால கேக்கிறது? அதுக்கு நான் உங்களில குறை நினைக்கேல்லை." முகத்துச் சேற்றைத் தோளால் துடைத்தான். "ஆனா பூட்டிப்போட்டு நீங்கள் ஒருக்கா வந்து வரம்பில நிண்டிருக்கலாம். பன்னிரண்டு நாள் அந்தப் பயிர் காஞ்சது. நானும் அருந்ததியும் தனியத்தான் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். ஊரில ஒரு சனம் இந்தப் பக்கம் வரேல்லை. நீங்கள் வராதபடியால் ஒருத்தரும் வரேல்லை."

தண்ணீர் அவள் காலடியால் ஓடியது. இவ்வளவு காலமும், பூட்டியது சரியா பிழையா என்றுதான் தன்னோடு வழக்காடிக்கொண்டு இருந்தாள். அது சரிதான் என்று தீர்ப்பும் சொல்லிச் சொல்லி, சுற்று வழியால் நடந்து திரிந்தாள்.

வீரகத்தி திரும்பக் குனிந்து, நீர்க்கால் அடைபட்ட இடத்தில் சேற்றை வழித்துப் போட்டான்.

"வீரகத்தி, இப்ப நிக்கட்டே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு வரம்பில் கிடந்த தன் தேத்தண்ணிப் போத்தலை எடுத்து ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தான்.

"நில்லுங்கோ அக்கா. வடிஞ்சு முடிய இன்னும் நேரமிருக்கு."